நோக்கம் எதன் மேல்?

1951 ஜூலை 16. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். மரச்சட்டத்தில் கேன்வாஸ் துணி மாட்டிய நாற்காலி ஒன்று அங்கே கிடந்தது. ஐந்து வயது ஒன்பது மாதம் ஆன சிறுவன் ஒருவன் அதைத் தூக்கிச் சில அடி தள்ளிப் போட்டு, அதில் தானே உட்கார்ந்தான். மூட்டுவாதம் உள்ள வீட்டுக்கார அம்மாள், நாற்காலி முன்பு இருந்த இடத்தில் உட்காரப் போனார். தரையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சிறுவன் மேல் வழக்குப் போட்டார். காரட் எதிர் டெய்லி என்ற பெயரில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் பெரும்பாலோர் படிக்கும் வழக்கு இது.

அந்த அம்மாளின் சகோதரி சாட்சி சொன்னார்: அவர் உட்காரத் தொடங்கியபோது பையன் வேண்டுமென்றே நாற்காலியை இழுத்தான் என்று. விசாரணை நீதிபதி இதை ஏற்கவில்லை. பையன் சொன்னதையே ஏற்றார். அந்த அம்மாள் உட்காரப் போவதைப் பார்த்ததும் அவன் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்த முயன்றான். சின்ன உடம்பு, கை ஓடவில்லை, நேரம் கடந்துவிட்டது. விழவைக்கும் எண்ணமோ குறும்பு செய்யும் எண்ணமோ அவனுக்கு இல்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால் உதவும் என்று, இழப்பு 11,000 டாலர் என மட்டும் கணக்கிட்டு வைத்தார்.

1955-ல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. விழவைக்க விரும்பினானா என்று கேட்டால் மட்டும் போதாது. நாற்காலியை நகர்த்திய அந்தக் கணத்தில், அவர் அங்கேதான் உட்காரப் போகிறார் என்பது ஏறக்குறைய நிச்சயமாக அவனுக்குத் தெரிந்திருந்ததா என்றும் கேட்க வேண்டும் என்றது. அதே நீதிபதி சம்பவங்களின் வரிசையை மறுபடி ஆராய்ந்தார். மூட்டுவாதக்காரர் மெதுவாக உட்காரத் தொடங்கிவிட்ட நேரத்தில்தான் பையன் நாற்காலியை எடுத்தான், அவனுக்குத் தெரிந்திருந்தது என்று முடிவு செய்தார். 11,000 டாலர் கொடுக்க வேண்டும் என்றார். 1956-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வேண்டுமென்றே செய்யும் தீங்குகள் என்று தீங்கியல் சட்டம் வகைப்படுத்தும் குற்றச்சாட்டுகளுக்கு உறுப்புகள் சில உண்டு. உடல் தொடுகைத் தாக்குதலை எடுத்துக்கொண்டால்: பிரதிவாதி ஒரு செயலைச் செய்திருக்க வேண்டும், அதில் நோக்கம் இருக்க வேண்டும், அதனால் வாதியின் உடலோடு தொடுகை நேர்ந்திருக்க வேண்டும், அந்தத் தொடுகை தீங்கானதாகவோ அவமதிப்பானதாகவோ இருக்க வேண்டும், வாதியின் சம்மதம் இருந்திருக்கக் கூடாது. தாக்க முனைதல், அடைத்து வைத்தல், நிலத்தில் அத்துமீறல் ஆகியவற்றுக்கும் சட்டகம் கிட்டத்தட்ட இதுதான். செயல், தொடுகை, சம்மதம் ஆகியவற்றைச் சாட்சி வைத்து நிறுவிவிடலாம். நோக்கத்தில்தான் நூறாண்டுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது.

நோக்கத்துக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று விருப்பம், மற்றொன்று ஏறக்குறைய நிச்சயமான அறிவு. காரட் வழக்கு நிலைநிறுத்தியது இரண்டாவது வாசலை. அது தேவையான வாசல்தான். கூட்டத்துக்குள் குண்டு வீசிவிட்டு, என் குறி ஒருவன் மட்டுமே, பக்கத்தில் நின்றவர் சாக வேண்டும் என்று நான் விரும்பவில்லை என்று சொல்பவனைச் சட்டம் வெளியே விடக் கூடாது. ஆனால் ஒரு குறையையும் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு சாட்சியும் சொல்லாத விஷயத்தை, கேள்வி மாறியதும் அதே நீதிபதி அதே பதிவேட்டிலிருந்து கண்டெடுத்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் மனதில் ஒரு நொடியில் என்ன ஓடியது என்பது அவ்வளவு இளகிய சங்கதி. அறிவு என்ற அளவுகோல் சரியானது. அதைப் பிடிக்கும் கை நடுங்காது என்று மட்டும் யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. விருப்பமோ அறிவோ, அது எதைப் பற்றியது? தொட வேண்டும் என்ற நோக்கம் போதுமா, தீங்கு செய்ய வேண்டும் என்பதும் வேண்டுமா? முதலாவதை ஒற்றை நோக்கம் என்றும், இரண்டாவதை இரட்டை நோக்கம் என்றும் சட்டநூலார் அழைக்கிறார்கள். இந்தக் கட்டுரை எடைபோட விரும்புவது இதைத்தான்.

ஒற்றை நோக்கத்தின் மூத்த வழக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் வோகிஷாவில் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. 1889 பிப்ரவரி 20. ஆசிரியர் வகுப்பை அமைதிப்படுத்திப் பாடம் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு வயது நிறையாத புட்னி, நடைவழியைத் தாண்டிக் காலை நீட்டி, எதிர்ப்பக்கம் இருந்த பதினான்கு வயது வோஸ்பர்கின் முழங்காலுக்குக் கீழே தட்டினான். தட்டு அவ்வளவு லேசானது. வோஸ்பர்கிற்கு அந்தக் கணத்தில் அது உறைக்கவே இல்லை. சற்று நேரத்தில் வலி தாங்காமல் அலறினான். சில வாரங்களுக்கு முன் பனிச்சறுக்கு வண்டியில் அதே கால் அடிபட்டிருந்தது. எலும்பு உள்ளுக்குள் சீழ் பிடித்த நிலை. கால் பழையபடி திரும்பவே இல்லை. புட்னிக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இல்லை என்று ஜூரி தனியாகவே எழுதித் தந்தது. அப்படியிருந்தும் இழப்பீடு 2,500 டாலர் என்றது. அதற்கு முந்தைய விசாரணையில் அது 2,800 ஆக இருந்தது.

1891-ல் மாநில உச்ச நீதிமன்றம், மருத்துவரிடம் கேட்ட ஒரு கேள்வி சாட்சிய விதிக்கு ஒவ்வாது என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது. சட்டத்தின் மேல் அது எடுத்த நிலைதான் இன்றுவரை நிற்கிறது: செயல் முறையற்றது என்றால் அதைச் செய்யும் நோக்கமும் முறையற்றதே. விளையாட்டுத் திடலில் வழக்கமான ஆட்டத்தின் நடுவே நடந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்போம். பாடம் தொடங்கிய பிறகு, வகுப்பின் ஒழுங்கை மீறிச் செய்தது என்பதால் அது முறையற்ற செயல் என்றது. கால் போன நஷ்டம் முழுவதற்கும் புட்னி பொறுப்பு. அது நடக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாதது என்பது வாதமாகாது என்றும் சொன்னது.

இந்த வாதத்தின் முதல் பாதி வட்டமாகச் சுழல்கிறது. தொடுகை முறையற்றதாக இருப்பது எதனால் என்று கேட்டால், ஆசிரியரின் ஒழுங்குக்கு மாறாக நடந்ததால் என்கிறார்கள். பள்ளி ஒழுங்கை மீறியதற்கு ஆசிரியர் கண்டிக்கலாம். ஒரு மாணவன் இன்னொருவனுக்குச் செய்த தீங்கின் சட்டத்தன்மையை அது எப்படித் தீர்மானிக்கும்? நம் பள்ளிகளில் படித்த யாரும், மணி அடித்த பிறகும் முந்தின பெஞ்சுக்காரனின் காலைத் தட்டாமல் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் பாதி வட்டமல்ல, ஆனால் அதைவிடக் கடுமையானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒற்றை நோக்கத்தின் வலுவான வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. 1905-ல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் தீர்த்த மோர் எதிர் வில்லியம்ஸ். வலது காதில் அறுவை சிகிச்சைக்கு ஒரு பெண் சம்மதித்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு மருத்துவர் பார்த்தபோது இடது காதின் நிலைதான் மோசம் என்று தெரிந்தது. இடது காதில் அறுவை செய்தார். திறமையாகவே செய்தார். தீய எண்ணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அது தாக்குதல்தான் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு சரியானது. இரட்டை நோக்கம் சட்டமாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த வழியில் கதவே திறக்காது. மருத்துவர் நன்மையே நாடினார்.

இது அயல்நாட்டுப் பழங்கதையும் அல்ல. 2008 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கு ஒன்றில், நோயறியும் லாப்ரோஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்த நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. நோயாளியின் உண்மையான சம்மதம் இன்றி நடந்தது தாக்குதலே, சேவைக் குறைபாடும் கூட என்றது நீதிமன்றம். கட்டணத்தை மறுத்து 25,000 ரூபாய் இழப்பீடு தந்தது. தொகையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தத்துவம் மட்டும் பிசகவில்லை. தாயின் கையெழுத்தும் மருத்துவரின் நல்லெண்ணமும் அந்தப் பெண்ணின் 'சரி'க்கு ஈடாகாது.

இரட்டை நோக்கத்துக்கு எதிரான இன்னொரு வாதம் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பெண்ணின் தோளில் கை போட்டவன், பாராட்டத்தான் போட்டேன், மனம் நோகும் என்று எண்ணவே இல்லை என்று சொல்கிறான். அவன் மனதைத் திறந்து பார்க்க முடியாது. பொய் சொல்லாமல்கூட இருக்கலாம். தீங்கு நோக்கத்தையும் வாதியே நிரூபிக்க வேண்டும் என்றால், தன் உடலின் எல்லை எங்கே என்பதை அவள் தீர்மானிப்பதற்குப் பதில் அவன் மனம் தீர்மானிக்கும்.

இங்கிலாந்து மூன்றாவதாக ஒரு வழி பார்த்தது. 1986-ல் வில்சன் எதிர் பிரிங்கிள். பதின்மூன்று வயதுப் பள்ளிப் பையன் இன்னொருவன் தோளில் இருந்த பையைப் பிடித்து இழுத்தான். பையைச் சுமந்தவன் விழுந்து இடுப்பில் காயம். தொடுகையில் பகைமை இருக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் பகைமை என்றால் வெறுப்பு அல்ல என்றும் அதே மூச்சில் சொன்னது. வெறுப்பில்லாத பகைமை எப்படி இருக்கும் என்பதை அது தெளிவாக்கவில்லை. சில ஆண்டுகளில் நீதிபதி கோஃப் பிரபு இதை ஒதுக்கித் தள்ளினார். கைமீறிப் போன குறும்பு, அளவுக்கு மீறிய நட்பில் முதுகில் ஓங்கித் தட்டுதல், சம்மதம் கிடைத்துவிட்டதாகத் தவறாக நம்பி அறுவை செய்யும் மருத்துவர் ஆகியோரிடம் பகைமை எங்கே என்பது அவர் கேள்வி. அதற்கு முன் 1984-லேயே அவர் தந்த விடை இன்னும் நல்லது: அன்றாட வாழ்வில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தொடுகைகள் தீங்காகா. பஸ்ஸில் உரசல், கூட்டத்தில் இடிபடல், கவனத்தை ஈர்க்கத் தோளில் லேசாகத் தட்டுதல் இவையெல்லாம் அதில் அடங்கும். வடிகட்டும் வேலை இப்போது மனதைத் துழாவும் உறுப்பிடமிருந்து விலகி, வழக்கம், சம்மதம் என்ற வெளியே தெரியும் உறுப்புகளிடம் போகிறது. சாட்சி கேட்டு அறியக்கூடியவை அவைதான்.

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வழக்கு. கொலராடோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மறதிநோய் முற்றிய எண்பது வயது தாண்டிய மூதாட்டி, டயப்பர் மாற்ற வந்த பணியாளரின் தாடையில் அடித்தார். ஒயிட் எதிர் முனிஸ் வழக்கில் 2000-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இரட்டை நோக்கத்தையே பிடித்தது: தொடுகையை நாடியது மட்டும் போதாது, அது தீங்கு தரும் அல்லது அவமதிக்கும் என்பதையும் நாடியிருக்க வேண்டும். பாட்டிக்குப் பொறுப்பில்லை என்ற ஜூரியின் முடிவு மீண்டும் நிலைத்தது. கை உயர்ந்தது யார் முன் என்றே அறியாத ஒருவர் மேல் குற்றத்தின் நிறமுள்ள தீர்ப்பைச் சுமத்துவது நெருடுகிறது, உண்மைதான்.

ஒற்றை நோக்கம் பாதிக்கப்பட்டவர் பக்கம், இரட்டை நோக்கம் பிரதிவாதி பக்கம் என்று இதுவரை படித்தவர்கள் எண்ணியிருக்கலாம். 2005-ல் யூட்டா மாநிலத்தின் வாக்னர் வழக்கு அந்தக் கணக்கைக் கவிழ்த்துவிட்டது. கே-மார்ட் கடையில் வரிசையில் நின்ற ஒரு பெண்ணை, அரசின் பராமரிப்பில் இருந்த மனவளர்ச்சி குன்றியவர் பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்துத் தரையில் வீழ்த்தினார். அந்தப் பெண் வழக்குப் போட்டது அவர் மேல் அல்ல. கவனக்குறைவாக மேற்பார்வையிட்ட அரசு மேல். தாக்குதலால் விளைந்த காயத்துக்கு அரசுக்கு அம்மாநிலச் சட்டத்தில் விலக்கு உண்டு. எனவே, தாக்கியவருக்குத் தீங்கு செய்யும் எண்ணமே இருந்திருக்க முடியாது, ஆகவே இது தாக்குதல் அல்ல என்று வாதிட்டது பாதிக்கப்பட்ட தரப்பு. தொடும் நோக்கம் போதும், இது தாக்குதல்தான் என்றது நீதிமன்றம். அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பினார்.

வாக்னர் ஒரு விதிவிலக்கு என்று தள்ள முடியாது. அமெரிக்க வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாக வேண்டுமென்றே செய்த காயத்துக்குப் பணம் தருவதில்லை. நியூயார்க்கில் தாக்குதலுக்கு ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், கவனக்குறைவுக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. இங்கிலாந்தில் 1964-ன் லெட்டாங் எதிர் கூப்பர் வழக்கில், கார் நிறுத்துமிடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெண்ணின் கால் மேல் கார் ஏறியது. கால வரம்பைத் தாண்டிவிட்டதால் அவர் கவனக்குறைவு என்று சொல்ல முடியாமல் அத்துமீறல் என்று சொல்லிப் பார்த்தார். நோக்கமில்லாமல் நேர்ந்ததைக் கவனக்குறைவு என்றுதான் சொல்ல வேண்டும் என்று நீதிபதி டென்னிங் பிரபு அந்த வாசலை அடைத்தார். ஆக, நோக்கம் என்ற முத்திரை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அதை அகலப்படுத்தினால் பாதிக்கப்பட்டவருக்கு நல்லது என்ற எளிய நம்பிக்கையில் கோட்பாடு கட்டக் கூடாது.

நம் நாட்டில் இந்த விவாதத்துக்கு எதிரொலி குறைவு. தீங்கியல் என்றாலே மோட்டார் வாகன விபத்து இழப்பீடு என்று ஆகிவிட்டது. சட்ட அறிஞர் ஃபிரெடரிக் பொல்லாக் 1886-ல் இந்தியாவுக்கென ஒரு குடியியல் தீங்குகள் மசோதா எழுதித் தந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் குற்றச் சட்டத்தில் நமக்கு ஒரு வாசகம் உண்டு. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 350-ஆம் பிரிவு, குற்றமுறு வன்முறைக்கு மூன்றைக் கேட்டது: வேண்டுமென்றே பலத்தைப் பயன்படுத்தல், சம்மதமின்மை, காயமோ அச்சமோ தொல்லையோ விளைவிக்கும் நோக்கம் அல்லது விளையக்கூடும் என்ற அறிவு. பாரதிய நியாய சன்ஹிதா 129-ஆம் பிரிவும் அதே சாரத்தைக் கொண்டிருக்கிறது. இது இரட்டை நோக்கத்தின் வடிவம்தான். ஆனால் தொல்லை என்ற சொல்லும், விளையக்கூடும் என்ற அறிவும் அதைத் தாழ்வான வாசலாக்கிவிட்டன. பெண்ணின் முக்காட்டை விலக்குவதே அதன் கீழ் வரும் என்று சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தண்டனைக்கு இந்த வடிவம் பொருந்தும். தண்டிக்கும் இடத்தில் மனதைப் பார்க்கத்தான் வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமே ஆகாது என்ற விதியும் அதனால்தான். ஓஹையோ மாநிலம் 1975-ல் அதே வயது எல்லையைத் தீங்கியலுக்கும் கொண்டுவந்தது. வாஷிங்டன் அப்படிச் செய்யவில்லை.

முடிவுக்கு வருகிறேன். இரு தரப்பும் தாங்கள் பேசுவது ஒரே கேள்வி என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. கேள்வி இரண்டு. எல்லை மீறப்பட்டதா என்பது ஒன்று. அதனால் வந்த நஷ்டம் முழுவதையும் யார் தலையில் கட்டுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒற்றை நோக்கமே சரி. அமெரிக்கச் சட்டக் கழகத்தின் தீங்கியல் பற்றிய மூன்றாம் தொகுப்பும் அதையே ஏற்றது. சம்மதம் இல்லை, அன்றாட வழக்கத்திலும் அடங்காது, தொடுவதை அவர் நாடினார்: இவ்வளவு போதும். மருத்துவரும் தோளில் கை போட்டவனும் இதில் சிக்குவார்கள், சிக்க வேண்டும். கொலராடோ மூதாட்டியும் சிக்குவார். ஆனால் பெயரளவு இழப்பீட்டுக்கு மேல் அவர் எதுவும் தர வேண்டியதில்லை. பராமரிப்புப் பணியில் அடிபடும் ஊழியருக்கான நஷ்டஈடு, பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வேலை.

இரண்டாவது கேள்விக்கு வோஸ்பர்க் தீர்ப்பு தவறு. கவனக்குறைவு வழக்கில்கூட, ஏதாவது ஒரு தீங்கு வரும் என்று முன்கூட்டி எதிர்பார்க்க முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் பாதிக்கப்பட்டவரை அவர் இருந்தபடியே ஏற்க வேண்டும் என்ற விதி வருகிறது. எலும்பு ஏற்கெனவே நொந்திருந்தது என்று பேசக் கூடாது. வோஸ்பர்க் விதியோ அந்த முதல் படியையே நீக்கிவிட்டது. அதன் விளைவு விபரீதமானது: எதிர்பார்க்கவே முடியாத தீங்கை விளைவித்த கவனக்குறைவானவன் ஒரு பைசாவும் தர வேண்டாம், தீங்கு நினையாமல் லேசாகத் தட்டியவன் ஆயுளுக்கும் தர வேண்டும். தொடுகையின் எல்லைக்கு ஒற்றை நோக்கம் போதும். உடல் நஷ்டம் முழுவதற்கும் பொறுப்பேற்க, தீங்கு நோக்கம், நிச்சய அறிவு, அல்லது அந்த வயதும் மனநிலையும் உள்ள ஒருவர் எதிர்பார்த்திருக்க வேண்டிய தீங்கு ஆகியவற்றில் ஒன்று வேண்டும்.

இந்த அளவுகோலில் காரட் தீர்ப்பு நிற்கிறது. மூட்டுவாதம் உள்ள பெண் தரையில் விழுவார் என்பது அறியப்பட்டிருந்தால் எலும்பு முறிவு அந்த அறிவுக்குள்ளேயே இருக்கிறது. அறிவைப் பற்றிய தீர்மானம் எவ்வளவு இளகியது என்ற என் குறை மட்டும் மிஞ்சுகிறது. வோஸ்பர்க் வழக்கில், அப்படி ஒரு தட்டலால் வலியோ காயமோ வரும் என்று பதினொரு வயதுப் பையன் எதிர்பார்த்திருக்க வேண்டுமா என்பதை ஜூரியிடம் கேட்டிருக்க வேண்டும். ஆம் என்று வந்தால் புட்னி முழுத் தொகையும் தரட்டும். இல்லை என்று வந்தால் வகுப்பறை மரியாதையை மீறியதற்கான சில டாலர்கள். அந்தக் கேள்வியே வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னதுதான் பிழை.

இதனால் பாவம் வோஸ்பர்க் கால் போனதைத் தானே தாங்க வேண்டிவரும் என்பது உண்மையான ஆட்சேபம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் 2,500 டாலர் இருக்கும் என்று நம்பி அந்த ஆட்சேபத்தைத் தீர்த்துவிட முடியாது. பொதுச்சட்ட விதிப்படி பிள்ளை செய்ததற்குப் பெற்றோர் தாமாகப் பொறுப்பாவதும் இல்லை. அதிர்ஷ்டக் கேட்டின் சுமையை யார் ஏற்பது என்பது காப்பீடும் பொதுச் சுகாதாரமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. குற்றம் என்ற பெயரில் அதைக் கைக்குக் கிடைத்தவன் தலையில் கட்டுவது நீதி ஆகாது. எழுதப்பட்ட தீங்கியல் சட்டம் இல்லாத நம் நீதிமன்றங்களுக்கு இந்த இரு கேள்விகளையும் பிரித்துப் பார்க்கத் தடை எதுவும் இல்லை. அடுத்த வழக்கிலேயே அவை தொடங்கலாம்.